கோடு விழுந்த இலை

பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாமல் வளர்ந்தவர்கள் நம் வயதில் யாரும் இருக்க மாட்டீர்கள். இருந்தால் கையைத் தூக்குங்கள். தோள்வலிக்காரர்கள் மனசுக்குள் தூக்கினால் போதும். ஆனால் நான் சொல்ல வந்தது பீப்பியைப் பற்றி அல்ல. எங்கள் வீட்டுப் பூவரசு வேலியில் பீப்பி சுருட்ட ஒரு நல்ல இலைகூடக் கிடைக்காமல் போன ஒரு வருஷத்தைப் பற்றி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி என்னைக் கோபித்துக்கொள்ள ஆளில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீடு திருப்பூரின் ஓரத்தில், வண்டிப்பாதையை ஒட்டி இருந்தது. அப்பா அதற்கு முன் தறி நெய்தவர். அப்போது பனியன் கம்பெனிகளிலிருந்து சலவைத் துணியை எடுத்து வந்து, எங்கள் களத்தில் காயப்போட்டு மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். களம் முழுக்கக் கம்பங்கள், கம்பத்துக்குக் கம்பம் கயிறு. பனியன் துணி மிசினிலிருந்து குழாய் மாதிரிதான் வரும், வெட்டின பிறகுதான் நாம் போடுகிற உருவம். அந்த ஈரக் குழாய்களைத் தூக்கிக் கயிற்றில் போடும்போது ஒன்றிரண்டைக் கட்டாந்தரையில் பாய் விரித்து நீளமாகக் கிடத்துவார்கள். நான் ஒரு முனையில் புகுந்து மறுமுனைக்குத் தவழ்ந்து வருவேன். உள்ளே வெளிச்சம் பால் நிறத்தில் இருக்கும். பிளீச்சிங் பவுடர் வாசம் மூக்கை அரிக்கும். வெளியே அத்தை என்னோடு கூடவே நடந்து வருவாள். அவள் நிழல் துணிமேல் விழும். “எங்க போயிட்டிருக்குது இந்தப் பூனைக்குட்டி?” என்று அவள் கேட்கும் குரல் துணிக்கு உள்ளே மெத்தென்று கேட்கும்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. இருபத்திரண்டு வயது. என்னைப் பெற்றது அம்மா, அடித்தது அம்மா. தலை சீவியது, சோறு ஊட்டியது, காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தது எல்லாம் அத்தை. துணி மடிக்கும்போது வாயை மூடிக்கொண்டே எதையோ ராகம் போடுவாள். பாட்டு என்று சொல்ல முடியாது, வார்த்தையே இருக்காது. துணியை உதறும் சத்தமும் அந்த ராகமும் சேர்ந்து கேட்டால்தான் எனக்குப் பொழுது விடிந்ததாக அர்த்தம்.

களத்துக்கும் வண்டிப்பாதைக்கும் நடுவில்தான் அந்தப் பூவரசு வேலி. யாரோ எப்போதோ கிளையைப் போத்தாக வெட்டி நட்டு, அது ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து நின்றது. எந்தக் கோடையிலும் பச்சை குறையாது. வண்டியும் லாரியும் கிளப்புகிற புழுதி அந்த இலைகளில் படிந்து நின்றுவிடும், துணிக்கு வராது. வெள்ளைத் துணியை நம்பிப் பிழைக்கிற வீட்டுக்கு அந்த வேலிதான் கூரை. அப்பா காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பாரோ இல்லையோ, வேலியை ஒரு முறை பார்த்துவிடுவார்.

அந்த வருஷம் சித்திரையிலேயே இலைகளில் கோடு விழ ஆரம்பித்தது. வெள்ளிக் கம்பியை வளைத்து ஒட்டினது மாதிரி, இலையின்மேல் நெளிந்து நெளிந்து ஓடும் கோடு. முதலில் ஒரு கிளையில் இருந்தது. பத்து நாளில் அரை வேலிக்குப் பரவியது. கோடு விழுந்த இலை பழுப்பாகிச் சுருங்கி உதிர்ந்தது. உதிர்ந்த சந்து வழியாகப் புழுதி வந்தது. ஒரு நாள் காயப்போட்ட துணி அத்தனையும் செம்மண் பொட்டு வைத்துக்கொண்டு நின்றது. அப்பா அதை மறுபடி சலவைக்கு அனுப்பிவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

ஆளுக்கொன்று சொன்னார்கள். பாம்பு ஊர்ந்து நக்கின தடம் என்றார்கள். கண்பட்டது என்றார்கள். பொங்கலூர்ப் பக்கம் பருத்திக் காட்டில் இருந்து காற்றில் வந்த நோய் என்றார் ஒருவர். அப்பா சாம்பல் தூவினார். வேப்பெண்ணெய் தெளித்தார். புகையிலையை ஊற வைத்த தண்ணீரை அத்தையும் அம்மாவும் குடம் குடமாக ஊற்றினார்கள். எதற்கும் அசையவில்லை.

காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு மத்தியானம் இலை ஒன்றைப் பறித்துச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கோட்டின் அகலமான முனையில், இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவில், அரிசிக் குருணையைவிடச் சின்னதாக ஒரு புழு படுத்திருந்தது. தலையை இடமும் வலமும் ஆட்டி ஆட்டிப் பச்சையைத் தின்றது. அது தின்றுவிட்டுப் போன பாதைதான் கோடு. பாதையின் நடுவில் மயிரிழை மாதிரிக் கறுப்பாக அதன் எச்சம். துணிக் குழாய்க்குள் நான் தவழ்வது வெளியிலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

“அப்பா, புழு எலைக்கு மேல இல்லீங்க. உள்ள இருக்குதுங்க. நீங்க மேல ஊத்துனா அதுக்கு என்னாகும்?”

“போய்ப் பொஸ்தகத்த எடு கண்ணு,” என்றார் அப்பா.

அன்றிலிருந்து எனக்கு அது ஒரு பைத்தியமாகிவிட்டது. பனியன் அடுக்குகிற அட்டைப் பெட்டி ஒன்றில் கோடு விழுந்த இலைகளைச் சேர்த்தேன். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தேன். சடை, ஜிலேபி, கொசுவம், தபால்காரர் கையெழுத்து. ஐம்பது அறுபது இலைகள் இருக்கும். ஒரே மாதிரி இரண்டு கோடு நான் பார்த்ததில்லை. துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், தாழ்ந்த கிளையில் இருந்த ஒரு கோட்டை மட்டும் பறிக்காமலே வைத்திருந்தேன். அது வளைந்து வளைந்து வந்து, நடுநரம்பைத் தாண்ட முடியாமல், அப்படியே திரும்பி வந்த வழியை ஒட்டியே போனது. அதற்கு எங்கள் ஊர் ஆற்றின் பெயரையே வைத்தேன், நொய்யல் என்று. தினமும் பள்ளிக்கூடம் போகும் முன் அது எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் போவேன்.

என் பேச்சைக் கேட்ட ஒரே பெரிய மனிதர் மிசின் மாமா. பனியன் கம்பெனியில் துணி பின்னி ஓட்டுகிற மிசினுக்குப் பொறுப்பானவர். சலவை முடிந்த துணி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வாரத்துக்கு இரண்டு முறை சைக்கிளில் களத்துக்கு வருவார். எங்கள் ஆட்கள்தான், முறைக்கும் மாமாதான். அவர் வந்தால் களத்தில் எண்ணெய் வாசம் வரும். சட்டைப்பையில் பித்தளையில் ஒரு மடக்குக் கண்ணாடி வைத்திருப்பார். அதைத் துணிமேல் நிறுத்தி, ஒற்றைக் கண்ணால் குனிந்து, இழை எண்ணுவார்.

“எங்க, காட்டு பாக்கலாம் உம்பட புழுவ,” என்றார் ஒரு நாள்.

நான் இலையை நீட்டினேன். அவர் கண்ணாடியை அதன்மேல் வைத்துக் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

“ஆமாங் கண்ணு. உள்ளாற படுத்துட்டு மேயுது பாரு. கால்கூடத் தெரியுது.” பிறகு அப்பாவைப் பார்த்து, “மச்சான், இந்தப் புள்ள சொல்றது நெசந்தானுங்க. மருந்து மேல அடிச்சுப் பிரயோசனமில்லீங்க. கோடு விழுந்த எலைய மட்டும் பறிச்சு எரிச்சுப் போடோணும்,” என்றார்.

“வேலி முச்சூடும் கோடாத்தான் இருக்குது மாப்பள. எதப் பறிக்கறது, எத உடறது?” என்றார் அப்பா.

மாமா என் பக்கம் திரும்பி, “எங்க மிசின்ல ஒரு ஊசி ஒடிஞ்சாலும் துணியில இப்பிடித்தான் கோடு உழுகும். கோட்டப் புடிச்சுட்டே போனா எந்த ஊசின்னு தெரிஞ்சுக்கலாம்,” என்றார். அப்புறம், “அத்தையையும் வந்து பாக்கச் சொல்லு,” என்றார், என்னிடம் சொல்கிற மாதிரி.

அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இலையை நான் பிடித்திருந்தேன், கண்ணாடியை அவர் பிடித்திருந்தார், அவள் குனிந்து பார்த்தாள். “அய்ய, பாவமா இருக்குதுங்க,” என்றாள். “அது எப்பிடிங்க வெளிய வரும்?”

“ஒரு நாளைக்கு ஓட்டை போட்டுட்டு வந்துருமுங்க. வந்தா றெக்கை மொளைச்சுப் பறந்துரும்,” என்றார் அவர்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு முறை வந்தவர் நான்கு முறை வந்தார். வந்த ஒவ்வொரு முறையும் புழுப் பார்க்கும் சடங்கு நடந்தது. இலையை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னால்தான் இதெல்லாம் நடக்கிறது என்று பெருமையாக இருந்தது. அவர்கள் புழுவைப் பார்க்கவில்லை என்பது இத்தனை வயதுக்கு அப்புறம் தெரியாமல் இருக்குமா? அப்போது தெரியவில்லை.

ஆவணியில் மிசின் மாமாவின் தாய்மாமன் வந்து பெண் கேட்டார். வெற்றிலைத் தட்டோடு வந்தார், முறையாக உட்கார்ந்து பேசினார். அப்பாவுக்கும் பிடித்திருந்தது. ஆனால் பையனுக்குக் கல்கத்தாவில் பெரிய பனியன் மில்லில் வேலை அமைந்திருக்கிறது, ஐப்பசிக்குள் போய்ச் சேர வேண்டும், கட்டினால் கையோடு கூட்டிக்கொண்டுதான் போவான் என்று கடைசியில் சொன்னார். கல்கத்தா என்றால் அப்போது எங்களுக்கு நிலா மாதிரி. இரண்டு நாள் ரயில். பாஷை தெரியாது. அப்பா தட்டை வாங்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை.

“பையன் தங்கமான பையனுங்க,” என்றாள் அம்மா, அவர் போன பிறகு. “தூரம் ஒண்ணுதானுங்க. அதுக்குன்னு உட்றதுங்களா?”

அப்பா வேலியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “பூவரசு காஞ்சு நம்ம தலைமுறையில யாரும் பாத்ததில்ல. வேலி இந்தக் கதியில நிக்கறப்ப, ஊட்டுப் புள்ளைய அத்தனை தூரம் அனுப்பறதா? எதுக்கும் பூக் கேட்டுப் பாத்தரலாம்.”

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பெரிய காரியம் எதையும் சாமியிடம் பூக் கேட்காமல் செய்ய மாட்டார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் இலையில் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, சாமி பாதத்தில் வைத்து, வேண்டிக்கொண்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது நான்தான். எங்கள் குடும்பத்தில் வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம். அதற்குமேல் பேச்சே இல்லை, சாமி சொன்னது சொன்னதுதான். பொட்டலத்தை முதல் நாள் சாயங்காலமே வீட்டுப் பெண் குளித்துவிட்டுக் கட்டி விளக்கு முன்னால் வைப்பது எங்கள் வழக்கம். எப்போதும் அம்மாதான் கட்டுவாள். அந்த முறை பார்த்து அம்மா வீட்டுக்குத் தூரமாகிவிட்டாள். கொட்டகையின் ஓரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டு, “கட்டறதுக்கு நீதான் அம்மிணி இருக்கற. பழுதில்லாத எலையாப் பாத்துப் பறிச்சுக்க,” என்று அத்தையிடம் சொன்னாள். தன் கல்யாணத்துக்குத் தானே பொட்டலம் கட்டுவது அத்தைக்கு அப்படித்தான் வாய்த்தது.

அத்தை குளித்து ஈரத்தலையோடு வேலிக்குப் போனாள். நானும் கூடப் போனேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் தேடித் தேடிக் கோடே இல்லாத ஒரு இலையைப் பறித்தாள். பிறகு அங்கேயும் இங்கேயும் பார்த்துவிட்டு, துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து, நொய்யலைப் பறித்துவிட்டாள்.

“அத்தை, அது எம்பட எலைங்க,” என்றேன்.

அவள் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

“கண்ணு, நாளைக்குப் பூசாரி தட்டை நீட்டுவாரு. ரெண்டு பொட்டணம் இருக்கும். நீ கோடு இருக்கறத எடு. புரிஞ்சுதா? கோடு இருக்கறத.”

“அதுல வெள்ளப் பூவாங்க?”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சாமியை ஏமாற்றுகிறோம் என்று அவளுக்குப் பயம். அதைச் செய்யாமல் இருந்தால் என்ன ஆகுமோ என்று அதைவிடப் பயம். அத்தை எனக்கு முன்னால் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“நீங்க கல்கத்தாவுக்குப் போயிருவீங்களா அத்தை?”

“போயிட்டு வருவங் கண்ணு. உனக்குக் கடுதாசி போடறேன்.”

“சரிங்க,” என்றேன். கோடு இருக்கிறதை எடுப்பேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியமும் செய்தேன்.

அவள் உள்ளே போய் வெள்ளரளியை நொய்யலில் வைத்து, கோடு வெளியே தெரிகிற மாதிரி மடித்தாள். செவ்வரளியை நல்ல இலையில் வைத்து மடித்தாள். இரண்டையும் பனியன் நூலால் ஒரே மாதிரிச் சுற்றி விளக்கு முன்னால் வைத்தாள். அதோடு தண்ணீர் தெளித்த ஈரத்துணி ஒன்றால் மூடி வைத்தாள், வாடாமல் இருக்க.

கோயில் எங்கள் ஊருக்கு வெளியே ஒரு சின்னக் கரட்டின்மேல். எண்பது படி இருக்கும். விடிந்ததும் அப்பா, அத்தை, நான், மிசின் மாமாவின் தாய்மாமன் எல்லாரும் ஏறினோம். மிசின் மாமா வரவில்லை, வருவது வழக்கமில்லை. அவர் அடிவாரத்தில் புளிய மரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். படியேறும்போது அத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அவள் கை என் கையைப் பிடித்திருந்தது, ஆனால் அவள் என்னோடு வரவில்லை என்று பட்டது.

பூசாரி ஈரத்துணியை விலக்கிப் பொட்டலங்களை எடுத்துச் சாமி பாதத்தில் வைத்தார். சூடம் காட்டினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு வேண்டினார். பூசாரி இரண்டையும் தட்டில் போட்டு, தட்டை மூன்று சுற்றுச் சுற்றி என் முன்னால் நீட்டினார்.

“சாமிய நெனச்சுட்டு ஒண்ணை எடு கண்ணு.”

குனிந்து பார்த்தேன். இரண்டு பொட்டலத்திலும் கோடு இருந்தது.

முதல் நாள் அத்தை தேடித் தேடிப் பறித்த நல்ல இலைக்கு உள்ளே ஏற்கெனவே ஒரு புழு இருந்திருக்கிறது. பொரிந்து ஒரு நாள்கூட ஆகாத புழு, கண்ணுக்குத் தெரியாத புழு. ஈரத்துணிக்கு அடியில் விடிய விடியத் தின்றிருக்கிறது. புதுக் கோடு, ஒரு விரற்கடை நீளம், வெளேரென்று நெளிந்து கிடந்தது. அத்தையும் அதைப் பார்த்துவிட்டாள். தட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவளின் முகம் வெளுத்துப் போனது. உதடு அசைந்தது. பூசாரி நிற்கிறார், அப்பா நிற்கிறார், அவளால் என்ன சொல்ல முடியும்?

அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். அவளுக்குக் கோடு என்றால் கோடு. ஆனால் நான் நான்கு மாதமாக அதைத் தவிர வேறொன்றும் பார்க்காதவள். நடுநரம்பில் முட்டித் திரும்பிய நொய்யலை, மடித்து நூல் சுற்றியிருந்தாலும், பாதி மறைந்திருந்தாலும், எனக்குத் தெரியும். என் உள்ளங்கை ரேகையைவிட எனக்கு அது தெரியும். எதில் வெள்ளை இருக்கிறது என்று ஒரு நொடிகூடச் சந்தேகமில்லை.

கோடு இருக்கிறதை எடு என்றுதானே சொன்னாள். இதிலும் கோடு இருக்கிறது. சத்தியம் தப்பாது.

இப்படித்தான் நினைத்தேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு சட்டம் தெரியுமா என்று கேட்காதீர்கள். தெரிந்திருந்தது. இன்னொன்றும் தெரிந்திருந்தது. இதை எடுத்தால் நாளைக் காலையிலும் துணியை உதறும் சத்தத்தோடு அந்த ராகம் கேட்கும். என் தலையை அவள்தான் சீவுவாள்.

புதுக் கோடு விழுந்த பொட்டலத்தை எடுத்தேன்.

பூசாரி நூலைப் பிரித்தார். செவ்வரளி விழுந்தது. அப்பா பெருமூச்சு விட்டார். அது நிம்மதிப் பெருமூச்சு என்று எனக்கே தெரிந்தது. “முருகன் காப்பாத்திட்டான்,” என்றார். தாய்மாமன், “சாமி சொன்னதுக்கு மேல நம்ம என்னுங்க பேசறது,” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். பயந்துவிட்டது குழந்தை என்று பூசாரி எனக்குத் திருநீறு பூசினார். அத்தை என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒன்பது வயதுக் கழுதையை எண்பது படியும் தூக்கிக்கொண்டே இறங்கினாள். “அழுவாத, அழுவாத, நீ என்ன பண்ணுவ,” என்று காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். அடிவாரத்தில் சைக்கிள் இருந்தது. மாமா எங்கள் முகத்தைப் பார்த்தார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டார்.

அவர் கல்கத்தாவுக்குப் போகும் முன் கடைசியாக ஒரு முறை களத்துக்கு வந்தார். துணி பார்க்கிற மாதிரி பார்த்தார். போகும்போது மடக்குக் கண்ணாடியை என் கையில் கொடுத்து, “புழுப் பாக்க வெச்சுக்க கண்ணு,” என்றார். அதை அத்தை என்னிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டாள். “நீ ஒடைச்சுப் போடுவ,” என்றாள். நான் கொடுத்துவிட்டேன். இலைப் பெட்டியை அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டேன்.

அப்பா வேலியை அடியோடு வெட்டி எரித்தார். ஐப்பசி மழைக்கு அடிமரமெல்லாம் தளிர்த்துவிட்டது. அடுத்த வருஷம் கோடு இல்லாத இலைகள், எப்போதும் போலப் பச்சையாக. அதற்கும் சாமிதான் காரணம், சொன்னபடி கேட்டோம், வேலி பிழைத்தது என்று அப்பா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தை வீட்டில்தான் இருந்தாள். தலை சீவினாள், துணி மடித்தாள். ஆனால் ராகம் நின்றுவிட்டது. எதற்காக அந்தப் பொட்டலத்தை எடுத்தேனோ அது எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்துக் குன்னத்தூரில் வெல்ல மண்டி வைத்திருந்த ஒருவருக்கு அவளைக் கொடுத்தார்கள். முதல் மனைவி இறந்தவர், ஆறு வயதில் ஒரு மகன். இந்த முறை அப்பா பூக் கேட்கவில்லை. ஒரு முறை சாமியே வேண்டாம் என்று சொன்ன பெண்ணுக்கு வந்த வரன், இதையும் கேட்டுக் கெடுத்துக்கொள்வானேன் என்று நினைத்தாரோ என்னவோ. கல்யாண வண்டி கிளம்பும்போது நான் ஒளிந்துகொண்டேன்.

குன்னத்தூர்க்காரரைக் குறை சொல்ல மாட்டேன். கை நீட்டினதில்லை. குடித்ததில்லை. பேசினதும் இல்லை. கடையில் இருந்து வந்தால் சாப்பிடுவார், படுப்பார். அத்தைக்குக் குழந்தை இல்லை. அவர் மகனை அவள்தான் வளர்த்தாள், என்னை வளர்த்த மாதிரியே. தைப்பூசத்துக்கு வருஷம் ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வருவாள். வந்தால் என் நெற்றியைத் தடவிவிட்டு, “நல்லாப் படிக்கறயா கண்ணு,” என்பாள். களத்துப் பக்கம் போக மாட்டாள். மிசின் மாமா கல்கத்தாவிலேயே குடும்பமாகிவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். யாரும் கேட்காமலேதான் சொன்னார்கள்.

நான் படித்தேன், தபால் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன், கல்யாணமாகிப் பிள்ளை பெற்றேன். எத்தனை ஆயிரம் கடுதாசிக்கு முத்திரை குத்தியிருப்பேன். கல்கத்தா முத்திரையோடு ஒன்று கையில் வந்தால் திருப்பிப் பார்ப்பேன். அத்தை எனக்குப் போடுவதாகச் சொன்ன கடுதாசி அதுதான் என்று தோன்றும். பிறகு பைக்குள் போட்டுவிடுவேன்.

எனக்கு ஐம்பத்து நாலு வயதாகும்போது அத்தை படுக்கையில் விழுந்தாள். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். குன்னத்தூருக்குப் போனேன். அவள் வளர்த்த அந்த மகன் அவளை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருந்தான். அவன் காபி வாங்க வெளியே போனபோது அத்தை என் கையைப் பிடித்தாள். அதே கைதான், எலும்பாக இருந்தது.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டே இருந்தேன்,” என்றாள். “அன்னிக்குப் பூக் கேட்டமே. நெனப்பு இருக்குதா?”

“இருக்குதுங்க அத்தை.”

“நான் பறிக்கறப்ப அந்த எலையில கோடு இல்ல கண்ணு. வெளிச்சத்துல புடிச்சுக்கூடப் பாத்தேன். உள்ள இருந்துருக்குது. அது சாமி செஞ்சதும் இல்ல, நீ செஞ்சதும் இல்ல. அந்தப் புழு செஞ்சது.” மூச்சு வாங்கினாள். “நீ அன்னிக்கு அழுத அழுகை இன்னும் எம்பட காதுல கேக்குது. நம்மளால அத்தைக்கு இப்பிடி ஆயிருச்சேன்னு நீ மனசுல வெச்சுட்டே இருந்திருப்ப. வெச்சுக்காத. ரெண்டுலயும் கோடு. எதுல எதுன்னு உனக்கு எப்பிடித் தெரியும், பாவம்.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா சொல்கிற பேச்சுப் போலத்தான் இருந்தது. கேள்வியாகவும் இருந்தது. நாற்பத்தைந்து வருஷமாக நான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்வதற்கு எனக்கு முன்னால் கதவு திறந்து கிடந்தது.

“தெரியலீங்க அத்தை,” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். சமாதானமாகக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்பது வயதில் அவள் என்னைவிட்டுப் போய்விடுவாள் என்று பயந்து செய்தேன், அதற்காவது எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொள்ளலாம். ஐம்பத்து நாலு வயதில் எதற்குப் பயந்தேன்? அவள் நெஞ்சில் நான் நல்ல பிள்ளையாகவே இருந்துவிட்டுப் போக வேண்டும் என்று பயந்தேன். அது எனக்குக் கிடைத்தது. இருபது நாளில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்த பிறகு அந்த மகன் ஒரு சின்னத் துணி முடிச்சை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். “அம்மா பொட்டியில சீலைக்கு அடியில இருந்துச்சுங்க அக்கா. இன்னதுன்னு எனக்குத் தெரியலைங்க. உங்களுதுன்னு சொல்லீருந்தாங்க,” என்றான். பனியன் துணி முடிச்சு. உள்ளே பித்தளை மடக்குக் கண்ணாடி. பளபளவென்று இருந்தது, துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறாள்.

இப்போது நான் இருக்கிற வீட்டுக்கு எதிரே பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பூவரசு நிற்கிறது. சில வருஷம் அதிலும் கோடு விழுகிறது. காலை நடை போகும்போது ஒரு இலையைப் பறித்து, கண்ணாடியை வைத்துக் குனிந்து பார்க்கிறேன். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கிழவிக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கிறார்கள். புழு தலையை இடமும் வலமும் ஆட்டித் தின்றுகொண்டிருக்கிறது. எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. இருந்தும் எது பழைய கோடு, எது ராத்திரி விழுந்த கோடு என்று இன்றைக்கும் ஒரே பார்வையில் தெரிகிறது.